ஏழு நாட்களில் எது வளர்ந்தது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கல்வி ஏட்டோடு நின்றுவிடலாகாது. நாட்டோடும் மக்களோடும் அது இணைய வேண்டும் என்று நம் கல்லூரி மேடையில் அறிஞர் பெருமக்கள் பலரும் வலியுறுத்தியிருக்கிறார்கள். அந்த இணைப்புக்கு நம் கல்லூரியில் உள்ள நேரான வழி, நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஆகும். ஆண்டுதோறும் ஐம்பது மாணவ மாணவியர் ஒரு சிற்றூருக்குச் சென்று, ஏழு நாட்கள் தங்கி, உழைத்துத் திரும்புகிறார்கள். சென்று வந்தவர்களைக் கேட்டால் "நல்ல அனுபவம்" என்கிறார்கள். செல்லாதவர்களைக் கேட்டால் "ஒரு வாரச் சுற்றுலா" என்கிறார்கள். இரண்டு விடைகளும் அத்துடன் முடிந்துவிடுகின்றன.

ஏழு நாட்களில் ஒரு மாணவன் வளர முடியுமா? வெவ்வேறு துறைகளிலிருந்து வந்த ஐம்பது பேர் ஒரு குழுவாக வளர்வது எவ்வாறு? அந்த வளர்ச்சியால் ஊருக்கு என்ன மிச்சம்? இம்மூன்று வினாக்களுக்கும், கடந்த செப்டம்பர் மாதம் நாங்கள் நடத்திய முகாமை எடுத்துக்காட்டாகக் கொண்டு, என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் விளக்கம் தர முயல்கின்றேன்.

திட்டம் பிறந்த வரலாறு

மாணவர்கள் நாட்டுப் பணியில் ஈடுபட வேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்குப் பின் பலமுறை ஆராயப்பட்டது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, இப்பணி மாணவர்களின் விருப்பத்தின்பேரில் அமைய வேண்டும் என்று கருதியது. 1959இல் டாக்டர் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இதனைக் கட்டாயமாக்கலாம் என்றது. அடுத்த ஆண்டில் பிற நாடுகளின் முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் கே.ஜி. சையதைன், கட்டாயத்தைவிட விருப்பமே சிறந்த அடிப்படை என்று எடுத்துரைத்தார். 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் எல்லா நிலைக் கல்வியிலும் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

இவற்றின் பயனாக, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கிய திட்டம் இன்று நாடு முழுவதும் பரவியுள்ளது. எனக்காக அன்று, உனக்காக என்னும் பொருள்பட அமைந்தது இதன் குறிக்கோள். கொனாரக் சூரியன் கோவில் தேர்ச்சக்கரமே இதன் சின்னம். தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும்.

கட்டாயமா, விருப்பமா என்று பெரியவர்கள் அன்று நடத்திய விவாதம் பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. ஒரு முகாம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

முகாமும் பணியும்

நம் கல்லூரியிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் முகாம் நடந்தது. ஐம்பது பேரில் இருபத்திரண்டு பேர் மாணவியர். மாணவர்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் மாணவியர் பேராசிரியைகளுடன் சமுதாயக் கூடத்திலும் தங்கினோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, ஏழு மணி முதல் பதினொரு மணி வரை களப்பணி, பிற்பகலில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பு, மாலையில் ஊர்க்கூட்டமும் கலை நிகழ்ச்சியும், இரவு உணவுக்குப் பின் அன்றைய பணியின் மதிப்பீடு என்பது அன்றாட ஒழுங்கு. சமையலும் நாங்களே. தொடக்க நாளும் நிறைவு நாளும் விழாக்களில் கழிய, இடைப்பட்ட ஐந்து நாட்கள் களப்பணிக்குக் கிடைத்தன.

களப்பணியாக ஊரார் கேட்டது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருதல். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. மழைநீரைத் தேக்கி வைத்துப் பயிர் செய்த நம் முன்னோர், வரத்துக்கால்களையும் மடைகளையும் கலுங்குகளையும் ஊர் கூடிச் சீர்செய்யும் முறையைக் குடிமராமத்து என்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858இல் இதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. பிற்காலத்தில் அப்பழக்கம் தளர்ந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே பணிகளை மீண்டும் தொடங்கியது. ஆயினும் வரத்துக்கால் ஒருமுறை வெட்டிவிட்டால் போதும் என்று இருப்பதன்று. ஈராண்டு கவனியாவிட்டால் வண்டல் படியும், சீமைக்கருவேலம் முளைக்கும், மழை பெய்தும் கண்மாய்க்கு நீர் வராது. நாங்கள் சென்ற ஊரின் நிலையும் அதுவே.

கூட்டு உழைப்பின் கணக்கு

முதல் நாள் நாற்பது பேர் ஒரே இடத்தில் இறங்கினோம். எஞ்சிய பத்துப் பேர் சமையலையும் குடிநீரையும் முதலுதவியையும் பார்த்துக்கொண்டனர். உற்சாகத்துக்குக் குறைவில்லை, பாட்டும் கைதட்டலுமாகப் பணி நடந்தது. நான்கு மணி நேரம் கழித்து அளந்தபோது 22 மீட்டர் முடிந்திருந்தது. நாற்பது பேர் உழைப்புக்கு அது மிகக் குறைவு என்று பார்த்துக்கொண்டிருந்த ஊரார் சொல்லாமல் சொன்னார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. இதற்கு ஓர் அறிவியல் உண்டு. மேக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர், மனிதர்கள் கயிற்றை இழுக்கும் விசையை அளந்து, 1913இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒருவர் தனியே இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது ஒவ்வொருவர் பங்கும் 93 ஆகிறது. மூவர் சேரும்போது 85. எண்மர் சேரும்போது 49 மட்டுமே. அதாவது, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்த விசை, நான்கு பேரின் தனித்தனி விசையை ஏறக்குறைய ஒத்திருந்தது. மற்ற நான்கு பேரின் வலிமை எங்கே போயிற்று?

ஒரு பகுதி, திசையிலும் நேரத்திலும் வீணாயிற்று. இயற்பியல் பயிலும் நண்பர்கள் இதை எளிதில் உணர்வர். இரு சம விசைகள் ஒரே திசையில் செயல்பட்டால் தொகுபயன் இரு மடங்கு. 60 பாகைக் கோணத்தில் செயல்பட்டால் 1.73 மடங்கு, 90 பாகையில் 1.41 மடங்குதான். ஒருவர் இழுக்கும் கணத்தில் மற்றொருவர் மூச்சு வாங்கினால் இழப்பு இன்னும் கூடும். தேர் இழுக்கும்போது கொட்டும் முரசும் எழுப்பும் குரலும் இந்த இழப்பைக் குறைப்பதற்கே உதவுகின்றன. 300 டன் எடை என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரை நகர்த்த ஆள்பலம் மட்டும் போதாது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க வேண்டும். சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுபவர் தம் இடத்தில் விழிப்புடன் இருக்க வேண்டும்.

மற்றொரு பகுதி மனத்தில் வீணாகிறது. 1974இல் ஆலன் இங்காம் என்ற ஆய்வாளரும் குழுவினரும், ஒருவரின் கண்ணைக் கட்டி, அவருக்குப் பின்னால் பலர் இழுப்பதாக நம்பச் செய்தனர். உண்மையில் பின்னால் இருந்தவர்கள் இழுக்கவே இல்லை. அப்படியிருந்தும் முன்னவருடைய விசை குறைந்தது. 1979இல் பிப் லட்டானே முதலியோர் கைதட்டலையும் கூச்சலையும் கொண்டு நடத்திய சோதனைகளிலும் இதே தளர்ச்சியைக் கண்டனர். தம் ஒலி தனியே அளக்கப்படுகிறது என்று ஒவ்வொருவரும் அறிந்தபோது அத்தளர்ச்சி மறைந்துவிட்டதாக அதன்பின் நடந்த ஆய்வு காட்டியது.

இதை நாம் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. 'நான் இல்லாவிட்டாலும் இது நடந்துவிடும்' என்று ஒருவருக்குத் தோன்றும் இடத்தில், அவர் கை தானே தளர்கிறது. தேஷ்முக்கும் சையதைனும் எதிரெதிரே நின்ற வினாவுக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. கட்டாயம் ஒருவரைக் களத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால், 'நீ இல்லாவிட்டால் இது நடவாது' என்ற உணர்வை அவருக்குத் தர அதனால் இயலாது.

பங்கு பிரிந்தது; பற்று வளர்ந்தது

முதல் நாள் இரவு மதிப்பீட்டில் திட்ட அலுவலர் ஐயா எங்களை ஒரு கணக்குப் போடச் சொன்னார். எத்தனை மண்வெட்டி, எத்தனை சட்டி, எத்தனை கை? பதினாறு மண்வெட்டியும் இருபத்து நான்கு இரும்புச் சட்டியும் எட்டுக் கடப்பாரையும் இருந்தன. நாற்பது பேரும் ஒரே இடத்தில் நின்றால், வெட்டுபவர் இருவராயினும் பார்ப்பவர் இருபதின்மராகிவிடுகின்றனர். எனவே, ஐந்து பேர் கொண்ட எட்டு அணிகளாகப் பிரிந்தோம். ஓர் அணிக்கு இரண்டு மண்வெட்டி, மூன்று சட்டி, ஒரு கடப்பாரை. இருவர் வெட்ட, மூவர் சுமக்க, அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். வரத்துக்காலை அளந்து முளைக்குச்சி அடித்து, ஒவ்வோர் அணிக்கும் தனிப் பகுதி ஒதுக்கினோம்.

இரண்டாம் நாள் 35 மீட்டர். மூன்றாம் நாள் 41. நான்காம் நாள் 48. ஐந்தாம் நாள் 46. மொத்தம் 192 மீட்டர். ஆட்கள் அதே நாற்பது பேர். நேரமும் அதே நான்கு மணி. கைகள் பழகியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால், ஒவ்வொருவருக்கும் தம் பங்கு கண்ணுக்குத் தெரிந்ததே முதன்மையான காரணம் எனில் மிகையாகாது. தம் பகுதியை விரைந்து முடித்த அணியினர் அடுத்த அணிக்குச் சென்று கைகொடுத்ததை மூன்றாம் நாள் முதல் கண்டோம். பங்கு பிரித்தால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சியவர்களுக்கு அது வியப்பாக இருந்தது.

குழு வளரும் படிகள்

ஒரு குழு எவ்வாறு வளர்கிறது என்பதை உளவியலார் புரூஸ் டக்மன் 1965இல் நான்கு நிலைகளாக வகுத்தார்: கூடுதல், மோதுதல், நெறிப்படுதல், செயல்படுதல். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து கலைதல் என்ற ஐந்தாம் நிலையையும் சேர்த்தார். எங்கள் ஏழு நாட்களிலும் இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதல் நாள் எல்லோரும் மரியாதையாகவே இருந்தோம். தமிழ்த் துறையினர் தமிழ்த் துறையினருடனும் வணிகவியலார் வணிகவியலாருடனும் அமர்ந்து உண்டனர். இரண்டாம் நாள் மாலைக்குள் மோதல் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் முறை யாருக்கு, மாணவியர் ஏன் சமையலிலேயே இருக்க வேண்டும், கைப்பேசியில் படம் எடுப்பவர் எப்போது மண் அள்ளுவார் என்று சிறியனவாகத் தொடங்கி வளர்ந்தன. மறுநாள் முதல் சமையல் முறையில் மாணவரும் மாணவியரும் சமமாக இடம்பெறும் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. களத்தில் இருக்கும்போது படம் எடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே என்றும் முடிவாயிற்று. இவை ஆசிரியர் இட்ட கட்டளைகள் அல்ல. நாங்களே பேசி வகுத்தவை. ஆதலால் அவற்றை மீறுவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை.

இந்த இரண்டாம் நிலையை அஞ்சி மூடி மறைக்கும் குழு, கடைசி நாள் வரை முதல் நிலையிலேயே நின்றுவிடும். மோதல் வராத முகாம் நல்ல முகாம் என்று நாம் எண்ணுகிறோம். பேச வேண்டியவற்றைப் பேசாமலே கலைந்த முகாமாகவும் அது இருக்கக்கூடும்.

எங்கு கூடுவது?

எங்களிடையே எழுந்த கடினமான விவாதம், ஊர்க்கூட்டத்தை எங்கே நடத்துவது என்பது. கோவிலை ஒட்டிய மந்தையில் நடத்துவதாக முதலில் ஏற்பாடு. கணக்கெடுப்புக்குச் சென்ற மாணவியர், காலனிப் பகுதியைச் சேர்ந்த மக்கள் மந்தைக்கு வந்து அமரமாட்டார்கள் என்ற செய்தியுடன் திரும்பினர். "ஏற்பாட்டை மாற்றினால் பெரியவர்கள் வருந்துவார்கள், ஏழு நாள் விருந்தினருக்கு இது எதற்கு?" என்றனர் சிலர். "பாதி ஊர் வராத கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்று எப்படி அழைப்பது?" என்று கேட்டனர் மாணவியர். இரவு பத்து மணி வரை பேசினோம். முடிவில் ஊராட்சித் தலைவரிடம் கலந்து, இரு பகுதிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டத்தை மாற்றினோம்.

அன்று இரு பகுதியினரும் வந்தனர்; தனித்தனியாகவே அமர்ந்தனர். நிறைவு நாள் இரவில் பெரியவர்கள் அப்போதும் அவரவர் இடத்தில்தான் இருந்தனர். ஆனால், முன் வரிசையில் சிறுவர்கள் கலந்து உட்கார்ந்து எங்கள் நாடகத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தனர். இதைச் சாதி ஒழிப்பு என்று சொல்வது பொய்யாகும். ஓர் ஏற்பாட்டில் யார் விடுபடுகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மறைத்த கைகள்

நம் கல்லூரியில் பயில்வோரில் மிகப் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். யானும் அவர்களுள் ஒருவன். வீட்டில் மண்வெட்டியும் அரிவாளும் பிடித்த கை, கல்லூரிக்கு வந்ததும் அதைச் சொல்லக் கூசுகிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் வினவினால் தலை குனிகிறது. அறிவு என்பது வேறெங்கோ இருப்பது, நாம் கொண்டுவந்தது எதுவும் அதில் சேராது என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊறிவிடுகிறது.

வரத்துக்காலில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே இந்த வரிசை தலைகீழாயிற்று. வகுப்பில் வாய் திறந்து பேசாத வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், காம்பை எங்கே பிடித்தால் இடுப்பு வலிக்காது, ஈர வண்டலை எப்படிச் சாய்த்து வெட்டுவது, சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும், வேரோடு பெயர்க்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் களத்தலைவர் பொறுப்பு தானாகவே அவரிடம் சென்றது. முகாம் முடிந்து கல்லூரிக்கு வந்த பின் நடந்த துறைக் கருத்தரங்கில் அவர் எழுந்து வினாத் தொடுத்ததை நண்பர்கள் என்னிடம் கூறினர். அதுபோலவே, மண்வெட்டியைத் தொட்டறியாத நகரத்து நண்பர்கள், தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்கக் கற்றனர். ஊராருக்கு மனு எழுதவும் கணக்கெடுப்பை அட்டவணையாக்கவும் அவர்கள் உதவினர். கற்பிப்பதும் கற்பதும் ஒரே நாளில் ஒருவருக்கே வாய்த்தால், அவர் தாழ்வு மனப்பான்மையும் கொள்வதில்லை, செருக்கும் கொள்வதில்லை.

ஊர் கற்பித்த பாடம்

இன்னொரு ஆசிரியரும் எங்களுக்கு வாய்த்தார். கண்மாயின் நீர்பாய்ச்சியாக நெடுங்காலம் இருந்த முதியவர் அவர். வரத்துக்காலின் மேல் முனையிலிருந்து தொடங்கலாம் என்றிருந்தோம். கண்மாய்ப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வெட்டிச் செல்லச் சொன்னார். இடையில் மழை வந்தாலும் வெட்டிய இடத்தில் நீர் தேங்காமல் கண்மாய்க்கு ஓடிவிடும் என்பது காரணம். ஓர் அணியினர் ஆர்வத்தில் ஆழமாக வெட்டியபோது, "அம்புட்டு ஆழம் வெட்டாதீக தம்பி. தண்ணி ஓடணும், நிக்கப்படாது" என்றார். கரையில் இருந்த அறுகம்புல்லைச் செதுக்கவும் அவர் விடவில்லை. அதன் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது என்றார்.

சரிவு சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் ஒன்றை வாங்கி வந்தோம். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பினால், இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. பத்துப் பத்து மீட்டராக அளந்து சென்றோம். முதியவர் மேடு என்று சுட்டிய இடங்களில் குழாயும் மேட்டையே காட்டியது. தேர்வுக்காக எழுதிப் பார்த்த ஒரு விதி, ஊருக்குப் பயன்படும் கருவியாக என் கையில் இருந்ததை அன்றுதான் கண்டேன். நாற்பது ஆண்டுகள் நீரைப் பார்த்துப் பழகிய கண்ணும் ஓர் அளவுகோல்தான் என்பதையும் கண்டேன்.

மரக்கன்று நடும் நாளில் மற்றொரு பாடம். வேம்பு, புங்கன், நாவல் என்று நூறு கன்றுகள் நாற்றங்காலிலிருந்து வந்திறங்கின. தெருவோரம் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து நின்றார். "முன்னாடியும் இப்படித்தான் வந்து நட்டாக. நட்டுட்டுப் போயிருவீக. சித்திரை வெயில்ல தண்ணி யாரு ஊத்துறது?" என்றார். எவரிடமும் விடை இல்லை. பணியை நிறுத்திவிட்டு வீடு வீடாகச் சென்று, கன்று வேண்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கூறிய இடங்களில் மட்டும் நட்டோம். முப்பத்தாறு கன்றுகளுக்கே ஆள் கிடைத்தது. எஞ்சியவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். நூறு என்ற எண் அறிக்கைக்கு அழகாக இருந்திருக்கும் என்று சிலர் வருந்தினர். திட்ட அலுவலர் ஐயா, "முப்பத்தாறு என்றே எழுதுவோம்" என்றார்.

பொக்லைன் கேட்ட வினா

ஒரு நண்பர் எழுப்பிய ஐயத்தையும் இங்கே கூறியாக வேண்டும். "நாம் ஐந்து நாட்கள் செய்ததை ஒரு பொக்லைன் எந்திரம் ஒரே நாளில் செய்துவிடுமே, நம் உழைப்புக்கு என்ன பொருள்?" என்றார் அவர். நேர்மையான வினா. 192 மீட்டர்தான் எங்கள் பயன் என்றால், ஐம்பது பேரின் உணவுச் செலவுக்கு எந்திரமே வாடகைக்குக் கிடைத்திருக்கும்.

நான்காம் நாள் நடந்தது இதற்கு விடையாயிற்று. தினமும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊரார், அன்று தம் மண்வெட்டிகளுடன் இறங்கினர். இரு பகுதியிலிருந்தும் வந்தனர். வேலைக்கிடையே, எந்த இடத்தில் கால் குறுகிவிட்டது, எவர் வயலோரம் மண் சரிந்துள்ளது என்ற பழைய பேச்சுக்கள் எழுந்தன, சில தீர்ந்தன. எஞ்சிய நீளத்தை அக்டோபர் முதல் வாரத்தில் ஊராரே பணம் பிரித்துப் பொக்லைன் வைத்து முடித்தனர். எந்திரம் முன்னரும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கூடிப் பேசும் வாய்ப்புத்தான் இல்லாமலிருந்தது. மெதுவாக நடந்த எங்கள் வேலை அதற்கு இடம் தந்தது என்று கருதுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் இறுதியில் நாங்கள் சென்று பார்த்தபோது, வரத்துக்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் மீண்டும் சென்றபோது முப்பத்தாறு கன்றுகளில் இருபத்தொன்பது உயிருடன் இருந்தன.

இனிச் செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து நான் அறிந்தவற்றை, இனி வரும் முகாம்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் தொகுத்துத் தருகின்றேன்.

முதலாவது, என்ன பணி வேண்டும் என்பதை முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஊராரிடம் கேட்டறிய வேண்டும். கேட்டுச் செய்த பணியை ஊர் காக்கிறது. கேளாமல் செய்ததை வெயிலுக்கு விட்டுவிடுகிறது.

இரண்டாவது, ஒவ்வொரு தொண்டருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். பெரிய கூட்டம் எழுச்சி தரும். ஆனால் வளர்ச்சி சிறிய அணியில்தான் நிகழ்கிறது.

மூன்றாவது, இரவு மதிப்பீட்டைக் களைப்பைக் காரணமாகக் காட்டிக் கைவிடலாகாது. எங்கள் முகாமின் நல்ல முடிவுகள் யாவும் அந்த அரை மணி நேரத்தில், சில நாள் அதையும் கடந்து, பிறந்தவையே.

நான்காவது, அதே ஊருக்கு அடுத்த ஆண்டும் செல்ல வேண்டும். ஆண்டுக்கோர் ஊர் என்று மாறினால், புகைப்படங்கள் பெருகும். நாம் விட்டுவந்த பணி என்னவாயிற்று என்று எவரும் அறியமாட்டார்கள். டக்மன் கூறிய ஐந்தாம் நிலையாகிய கலைதலை நம்மால் தவிர்க்க முடியாது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பிரிந்து செல்வார்கள். ஆனால், அவர்கள் அறிந்ததை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கலைந்தால், குழு தொடர்ந்து வளரும்.

ஏழு நாட்களில் எது வளர்ந்தது என்று கேட்டால், நாங்கள் பிறருக்குச் செய்த உதவி வளர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். நம் பங்கு இல்லாவிட்டால் ஒரு வேலை குறைபடும் என்ற உணர்வு ஒவ்வொருவரிடமும் வளர்ந்தது. பிறர் இல்லாவிட்டாலும் அது குறைபடும் என்ற உணர்வும் உடன் வளர்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததையே குழு என்கிறோம்.

சித்திரை வெயில் தொடங்கப் போகிறது. அந்த அம்மா கேட்ட வினா இருபத்தொன்பது கன்றுகளின் அருகில் இன்னும் நிற்கிறது. ஊரார் ஊற்றுவதாக ஏற்றிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் நம்மில் நால்வர் சென்று பார்த்துவருவது என்று முடிவு செய்திருக்கிறோம். தேர்வுக் காலத்தில் சில வாரங்களுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. முதலாண்டு நண்பர்கள் தம் பெயரைத் திட்ட அலுவலர் அறையில் உள்ள பதிவேட்டில் எழுதிவைக்குமாறு அன்புடன் வேண்டுகின்றேன்.